மரபுவழிக் காவல்

நுழையும்முன்

ஒரே நோய், ஒரே மருத்துவம். ஆயினும், நோயுற்றோருள் ஒருவர் சில திங்களில் மறைகிறார். மற்றொருவர் சில ஆண்டுகள் வாழ்கிறார். இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை அறிவியல் நெடுங்காலம் கட்டிக்குள் மட்டுமே தேடியது. இன்று, நோயாளி தம் பெற்றோரிடமிருந்து பெற்றுவந்த உடற்காப்பு ஆற்றலிலும் அக்காரணத்தைத் தேடுகிறது. மூளைப் புற்றுநோயின் போக்கிற்கும் மரபுவழி வந்த நோய்த்தடைக்காப்பு வேறுபாடுகளுக்கும் உள்ள உறவு யாது? அவ்வுறவு எவ்வளவு உறுதியானது? அதனை நாம் எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

மூளையில் தோன்றும் பகை

மூளை என்றவுடன் நரம்புச் செல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அச்செல்களைத் தாங்கியும் ஊட்டியும் காத்தும் நிற்கும் வேறுவகைச் செல்களும் மூளையில் நிறைந்துள்ளன. 1856ஆம் ஆண்டு செருமானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, இவற்றுக்குப் ‘பசை’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லால் ‘கிளையா’ எனப் பெயரிட்டார். இவ்வகைச் செல்களோடு தொடர்புடைய புற்றுக்கட்டிகள் ‘கிளையோமா’ எனப்படுகின்றன. அவற்றுள் மிகக் கொடியது ‘கிளையோபிளாஸ்டோமா’.

இக்கட்டி ஓரிடத்தில் திரண்டு நிற்பதன்று. வேர்விட்ட செடிபோல் மூளைத் திசுவினுள் ஊடுருவிப் பரவுவது. எனவே, தேர்ந்த அறுவை மருத்துவராலும் இதனை முற்றாக அகற்றவியலாது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சும், டெமோசோலோமைடு என்னும் மருந்தும் தரப்படுகின்றன. இம்மருத்துவ முறையின் பயனை 573 நோயாளிகளிடம் ஆராய்ந்த முடிவுகள் 2005இல் வெளியாயின. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் வாழ்நாளது இடைநிலை அளவு 12.1 திங்கள், மருந்தும் சேர்த்துப் பெற்றோர்க்கு அது 14.6 திங்கள். இடைநிலை அளவு என்பது, பாதிப்பேர் அக்காலத்திற்குள் இறந்தனர், மீதிப் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதைக் குறிக்கும்.

எண்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால், அவற்றின் உள்ளே ஒரு பெரிய செய்தி இருக்கிறது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோருள் ஈராண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப்பேர். மருந்தும் பெற்றோருள் நூற்றுக்கு இருபத்தாறு பேர். ஒரே மருத்துவத்தைப் பெற்ற பலர் ஓராண்டுக்குள் இறக்க, இவர்கள் மட்டும் எவ்வாறு தாக்குப்பிடித்தனர்?

வயதும் உடல்நிலையும் இதற்கு ஒருபகுதி விடை தருகின்றன. கட்டியின் மரபணுக்கள் மற்றொரு பகுதி விடை தருகின்றன. சான்றாக, சிதைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் ஒரு மரபணு சிலருடைய கட்டிகளில் செயலற்றுக் கிடக்கிறது. அத்தகைய கட்டி, மருந்தின் தாக்குதலிலிருந்து எளிதில் மீள்வதில்லை. எனவே, மருந்து அங்கே நன்கு பயன்படுகிறது. இவையனைத்தும் சேர்ந்தும் விடை முழுமை பெறவில்லை. எஞ்சியதை அறிய, கட்டியை விட்டு, அக்கட்டியை எதிர்கொள்ளும் உடலின் பக்கம் அறிஞர்கள் திரும்பினர்.

காவலர்க்குக் காட்டும் அடையாளம்

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் புரதங்கள் உருவாகிக்கொண்டும் சிதைந்துகொண்டும் இருக்கின்றன. சிதைந்த புரதங்களின் சிறு துண்டுகளைச் செல் தன் மேற்பரப்பில் எடுத்துவைத்துக் காட்டுகிறது. இத்துண்டுகளைத் தாங்கிநிற்கும் ஏந்திகளே, மனித வெள்ளணு எதிர்ப்பொருள்தூண்டி எனப்படும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகள். நோய்த்தடைக்காப்பின் காவலர்களான டி செல்கள் உடலெங்கும் சுற்றிவந்து, ஏந்தியில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கின்றன. இருப்பது உடலுக்குரிய வழக்கமான துண்டு எனின் கடந்து செல்கின்றன. வைரசின் துண்டோ, புற்றுச்செல்லில் பிறழ்ந்து உருவான புரதத்தின் துண்டோ எனின், அச்செல்லை அழிக்கின்றன.

எச்.எல்.ஏ. பற்றிய அறிவு குருதியேற்றத்தின் வழியாகத் தொடங்கியது. பலமுறை குருதி ஏற்றப்பட்ட நோயாளிகளின் குருதிநீர், பிறர் சிலருடைய வெள்ளணுக்களைத் திரளச் செய்வதைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே கண்டார். குருதி வகையைப் போலவே வெள்ளணுக்களுக்கும் வகைகள் உண்டு என்பது 1958இல் அவரால் வெளிப்பட்டது. 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் எலிகளைக் கொண்டு மற்றோர் உண்மையைக் கண்டறிந்தனர். டி செல் வைரசை மட்டும் தனித்து அறிவதில்லை. தன் உடலுக்குரிய ஏந்தியில் வைத்துக் காட்டப்பட்டால்தான் அறிகிறது என்பதே அது. இக்கண்டுபிடிப்புகளுக்காகத் தோசே 1980இலும், டோஹெர்ட்டியும் சிங்கர்நாகலும் 1996இலும் நோபல் பரிசு பெற்றனர்.

தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று

எச்.எல்.ஏ. ஏந்திகளை உருவாக்கும் மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் ஏ, பி, சி என்னும் மூன்றும் முதன்மையானவை. ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒரு வடிவமும் தந்தையிடமிருந்து ஒரு வடிவமும் நமக்குக் கிடைக்கின்றன. எனவே, ஒருவரிடம் ஆறு வகை ஏந்திகள் வரை இருக்கலாம். இருவரும் ஒரே வடிவத்தைத் தந்திருந்தால் அவ்வெண்ணிக்கை குறையும். இம்மரபணுக்கள் பெரும்பாலும் ஒரு தொகுப்பாகவே பிள்ளைகளுக்கு வந்துசேர்வதால், உடன்பிறந்தார் இருவர் ஒத்த தொகுப்பைப் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு உடன்பிறந்தாரை முதலில் சோதிப்பதற்கு இதுவே காரணம்.

உலக மக்களிடையே இதுவரை கண்டறியப்பட்ட எச்.எல்.ஏ. வடிவங்கள் 30,000க்கும் மேற்பட்டவை. மனித மரபணுக்களில் இத்துணை வேறுபாடு கொண்டவை வேறில்லை எனலாம். இவ்வேறுபாடு வீணானதன்று. எல்லாரிடமும் ஒரேவகை ஏந்தி இருந்தால், அதில் பொருந்தாத ஒரு கிருமி மனிதகுலம் முழுவதையும் ஏமாற்றிவிடும். ஏந்திகள் பலவாக இருப்பதால், ஒருவரிடம் தப்பிய கிருமி மற்றொருவரிடம் பிடிபடுகிறது.

ஆனால், இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு புற்றுச்செல்லில் பிறழ்ந்த புரதத்துண்டு ஒருவருடைய ஏந்தியில் நன்கு பொருந்தலாம். மற்றொருவருடைய ஏந்தியில் பொருந்தாமல் நழுவலாம். முதலாமவரின் டி செல்கள் பகையைக் காணும். இரண்டாமவரின் டி செல்கள் காணா. நோயின் போக்கில் மரபுரிமைக்குப் பங்கிருக்கலாம் என்னும் கருத்து இங்கிருந்தே பிறக்கிறது.

மூளை தனித்த கோட்டையா?

இக்கருத்துக்கு ஒரு தடை இருந்தது. மூளைக்குள் நோய்த்தடைக்காப்பு செயற்படுகிறதா என்பதே ஐயமாக இருந்தது. 1948இல் பீட்டர் மெடாவர் முயல்களின் மூளையில் பிற முயல்களின் தோல் துண்டுகளைப் பொருத்தி ஆராய்ந்தார். உடலின் பிற இடங்களில் விரைந்து புறக்கணிக்கப்படும் அத்துண்டுகள் மூளையில் நிலைத்திருந்தன. இதனால் மூளை, காவலர் நுழையாத தனிக்கோட்டை என்னும் எண்ணம் பரவியது. ஆனால், அவ்வாராய்ச்சியிலேயே மற்றொரு செய்தியும் இருந்தது. அயல் தோலை உடலின் வேறிடத்தில் முன்பே எதிர்கொண்டிருந்த முயல்களில், மூளையில் வைத்த துண்டும் அழிக்கப்பட்டது. அதாவது, பகையை முன்னரே அறிந்த காவலர் கோட்டைக்குள்ளும் புகுந்தனர்.

2015இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் எலிகளின் மூளையுறையில் நிணநீர் நாளங்கள் இருப்பது கண்டறியப்பட்டது. மூளைக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் இடையே செய்தி செல்லும் வழி தெளிவாயிற்று. மூளை அடைத்த கோட்டை அன்று. வாயிற்காவல் மிகுந்த கோட்டை என்பதே இன்றைய புரிதல்.

ஒவ்வாமை தந்த தடயம்

மூளைப் புற்றுக்கும் நோய்த்தடைக்காப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய முதன்மையான தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆஸ்துமா, தோல் அரிப்பு, தூசு ஒவ்வாமை ஆகியவற்றை உடையோர்க்குக் கிளையோமா குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டின. அமெரிக்கா, பிரிட்டன், சுவீடன், டென்மார்க், இசுரேல் ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2016இல் வெளியானது. அதில் 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளும் 4,100க்கும் மேற்பட்ட நோயற்றோரும் ஒப்பிடப்பட்டனர். மூச்சுவழி ஒவ்வாமை உடையோரிடம் கிளையோமா வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது.

ஒவ்வாமை என்பது காவல் மிகைப்பட்ட நிலை. தூசையும் பகையெனக் கருதிப் பாயும் உடல், புற்றுச்செல்லையும் விரைந்து கண்டுகொள்ளலாம் என எண்ண இடமுண்டு. ஆனால், அறிவியல் உடனே ஒரு குறுக்கு வினாவை எழுப்பும். ஒவ்வாமை கட்டியைத் தடுத்ததா, மறைந்து வளர்ந்த கட்டி ஒவ்வாமையை அடக்கியதா? கிளையோபிளாஸ்டோமா நோய்த்தடைக்காப்பைத் தளர்த்த வல்லது என்பதால் இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று.

இதற்கு விடைகாண இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, பழைய குருதி. நார்வே நாட்டில் சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளை ஆராய்ந்தபோது, ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருள் மிகுதிக்கும் கிளையோமா வாய்ப்புக் குறைவுக்கும் இடையிலான தொடர்பு, நோய் கண்டறியப்படுவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தமை 2012இல் தெரியவந்தது. மற்றொன்று, மரபணு. கட்டியால் குருதியின் தன்மையை மாற்ற இயலும். பெற்றோர் தந்த மரபணுவை மாற்ற இயலாது. அது பிறப்பிலேயே உறுதியானது. 2005இல் சுவீடனில் நடந்த ஆய்வில், ஆஸ்துமாவோடு தொடர்புடைய சில மரபணு வடிவங்கள் கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளிடம் குறைவாகக் காணப்பட்டன. எனினும், பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே விடையைத் தரவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். நோய் வரும் வாய்ப்பு வேறு. வந்த நோயின் போக்கு வேறு. ஒவ்வாமை பற்றிய மேற்கண்ட செய்திகள் முதலாவதைப் பற்றியன. அவற்றைக் கொண்டு இரண்டாவதை முடிவு செய்தல் பொருந்தாது.

நோயின் போக்கும் ஏந்தியின் வகையும்

நோயின் போக்கை நேரே நோக்கிய ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடந்தது. 2005இல் வெளியான அதன் முடிவின்படி, எச்.எல்.ஏ. ஏ32 என்னும் வடிவம் உடைய கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள் மற்றவரைவிட நீண்டநாள் வாழ்ந்தனர். பி55 என்னும் வடிவம் உடையோர் விரைந்து இறந்தனர்.

இச்செய்தியைப் படித்தவுடன், ஏ32 நல்லது, பி55 தீயது என எழுதிவைத்துவிடத் தோன்றும். அதற்கு முன் எண்களின் இயல்பை அறிய வேண்டும். ஒரு நாணயத்தை ஐந்துமுறை சுண்டினால் ஐந்து முறையும் தலை விழுவது அரிது. ஆனால், ஐம்பது மாணவர் ஆளுக்கு ஐந்துமுறை சுண்டினால், அவர்களுள் ஓரிருவர்க்கு அவ்வாறு விழுவது இயல்பு. அந்த ஓரிருவரின் நாணயத்தில் தனிச்சிறப்பு ஏதுமில்லை. அதுபோலவே, நூற்றைம்பது பேர் அளவிலான சிறு குழுவில் பல எச்.எல்.ஏ. வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது, சில தொடர்புகள் தற்செயலாகவே தோன்றிவிடலாம். வேறு இடத்தில், வேறு மக்களிடம், மீண்டும் அதே முடிவு கிடைக்கும்போதுதான் அது வலிமை பெறும்.

பிற புற்றுநோய்களில் இத்தேடல் சற்றுத் தெளிவான பயனைத் தந்துள்ளது. டி செல்களின் தடையை நீக்கி அவற்றைப் பாயவிடும் மருந்துகளைப் பெற்ற 1,535 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களுள் பெரும்பாலோர் தோல், நுரையீரல் புற்றுநோய் உடையோர். ஏ, பி, சி மூன்றிலும் இருவேறு வடிவங்களை உடையோர் நீண்டநாள் வாழ்ந்தனர். ஒன்றிலேனும் ஒரே வடிவத்தை இருவரிடமிருந்தும் பெற்றோர் அவர்களைவிடக் குறைவாக வாழ்ந்தனர். ஏந்தி வகைகள் மிகும்போது காவலர் காணும் துண்டுகளும் மிகுகின்றன என்னும் விளக்கத்திற்கு இது இயைகிறது.

அதே வகை மருந்தொன்றை, மீண்டும் வளர்ந்த கிளையோபிளாஸ்டோமா உடைய 369 பேரிடம் நடத்திய சோதனையில் ஆராய்ந்தபோது, முன்பிருந்த மருந்தைவிட வாழ்நாள் நீளவில்லை என்பது 2020இல் தெரிந்தது. காரணங்கள் பல. இக்கட்டியில் மரபணுப் பிறழ்வுகள் குறைவு. எனவே, ஏந்தியில் வைத்துக் காட்டத்தக்க புதிய துண்டுகளும் குறைவு. மூளைக்கட்டி உடையோரின் டி செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே முடங்கிக் கிடப்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அறிஞர்கள் 2018இல் காட்டினர். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தும் டி செல்களை அடக்குகிறது. காவலர் வரவே இயலாத இடத்தில், எத்துணைச் சிறந்த ஏந்தியும் பயன்படாது.

மருத்துவத்தின் வாயிலில் மரபு

மரபுவழி வந்த எச்.எல்.ஏ. வகை, நோயாளியின் நாளை மதிப்பிடப் பயன்படும் முன்னரே, மருத்துவத்தின் வாயிலில் வந்து நிற்கத் தொடங்கிவிட்டது. கட்டியின் புரதத்துண்டுகளை உடலுக்கு அறிமுகப்படுத்தி, டி செல்களைப் பயிற்றும் புற்றுநோய்த் தடுப்பூசிகள் ஆராயப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு துண்டும் குறிப்பிட்ட ஏந்தியில்தான் பொருந்தும். ஆகவே, அந்த ஏந்தி இல்லாதவர்க்கு அத்தடுப்பூசி பயன் தராது.

ஐ.சி.டி. 107 என்னும் தடுப்பூசிச் சோதனையில், எச்.எல்.ஏ. ஏ1 அல்லது ஏ2 உடையோர் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 2019இல் வெளியான முடிவின்படி, கட்டி மீண்டும் வளராதிருந்த காலம் 9.0 திங்களிலிருந்து 11.2 திங்களாக நீண்டது. ஆனால், மொத்த வாழ்நாளில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் ஐரோப்பாவில், பதினைந்து நோயாளிகளுக்கு அவரவர் கட்டியையும் நோய்த்தடைக்காப்பையும் ஆராய்ந்து தனித்தனியே தடுப்பூசி உருவாக்கிய முயற்சியும் வெளியானது. அதிலும் குறிப்பிட்ட இருவகை ஏந்திகளுள் ஒன்று இருத்தல் கட்டாயமாக இருந்தது.

இங்கு நம்மைத் தொடும் ஒரு வினா எழுகிறது. இத்தடுப்பூசிகள் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரிடம் மிகுந்து காணப்படும் ஏ2 வடிவத்தை எண்ணி உருவாக்கப்பட்டவை. இந்தியரிடம் அதே ஏ2 குழுவின் வேறு உட்பிரிவுகளும் பரவலாக உள்ளன. மேலே கூறிய ஆய்வுகளில் பங்கேற்றோரும் பெரும்பாலும் மேலை நாட்டினரே. ஓரிடத்து மக்களை அளந்து பெற்ற முடிவை உலகோர் அனைவர்க்கும் பொருத்துதல், ஒருவர் காலுக்குத் தைத்த செருப்பை ஊரார் அனைவர்க்கும் அணிவிப்பது போன்றது. நம் மக்களின் மரபணு வேறுபாடுகள் நம் நாட்டிலேயே ஆராயப்படவில்லையெனின், நாளைய மருத்துவத்தின் வாயில் நமக்குப் பாதியளவே திறந்திருக்கும்.

தீர்ப்பன்று, சாய்வே

எச்.எல்.ஏ. வடிவங்களை நல்லவை, தீயவை எனப் பிரிக்கவியலாது என்பதற்குப் பி27 சிறந்த சான்று. இவ்வடிவம் உடையோரிடம் எச்.ஐ.வி. தொற்று மெல்லவே முற்றுகிறது. அதே வடிவம், முதுகெலும்பை இறுகச் செய்யும் மூட்டழற்சி நோய்க்கு வாய்ப்பை மிகுவிக்கிறது. ஒரு போரில் வாளாக நிற்பது மற்றொரு போரில் வீட்டையே வெட்டுகிறது.

ஆகவே, மரபுவழி வந்த நோய்த்தடைக்காப்பு ஒரு சாய்வைத் தருகிறது, தீர்ப்பை எழுதுவதில்லை. பெருங்கூட்டத்தை நோக்கும்போது தெரியும் சாய்வு, தனிமனிதர் ஒருவரின் நாளைக் கூறாது. இடைநிலை அளவு 14.6 திங்கள் என்னும் அதே கூட்டத்தில் ஐந்தாண்டுகளைக் கடந்தோரும் இருந்தனர். மூளைக்கட்டி நோயாளியின் ஆயுளைக் கணிக்க எச்.எல்.ஏ. வகையைப் பார்ப்பது இன்றைய மருத்துவ நடைமுறை அன்று. கிளையோமாக்களில் பெரும்பாலானவை குடும்பவழி வருபவையும் அல்ல. நோயுற்ற பிள்ளையின் பெற்றோர், ‘எம்மால்தான் வந்ததோ’ என வருந்த அறிவியலில் இடமில்லை.

நாம் பெற்றுவந்த மரபை மாற்றும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஆனால், அதனை அறிந்து அதற்கேற்ற மருந்தை ஆக்கும் ஆற்றல் நம்மிடம் உண்டு. ஒருவர் உடலின் ஏந்தி எதனைக் காட்டவல்லது என அறிந்தால், அதில் பொருந்தும் துண்டைத் தேர்ந்து தர இயலும். முடங்கிய டி செல்களை விடுவிக்கும் வழியையும் தேட இயலும். மனிதர்க்கு மனிதர் வேறுபடும் இவ்வுடற்காவல், பலவகைக் கிருமிகளிடமிருந்து நம் முன்னோரைக் காத்துவந்த செல்வம். அவ்வேறுபாட்டைக் கற்றுத் தேர்வதே, மூளைப் புற்றுநோயை எதிர்கொள்ளும் மருத்துவத்தின் இன்றைய பணி.

தெரிந்து தெளிவோம்

இருவர்க்கிடையே குருதி வகை ஒத்திருப்பது எளிது, எச்.எல்.ஏ. வகை ஒத்திருப்பது அரிது. எலும்பு மஜ்ஜைக் கொடைக்கு உடன்பிறந்தாருள் பொருத்தமானவர் கிடைக்காதபோது, கொடையாளர் பதிவேடுகளில் பிறரைத் தேட வேண்டியுள்ளது. ஒத்த வகையினர் பெரும்பாலும் ஒரே மரபினரிடையே கிடைப்பர். எனவே, பதிவேட்டில் பலவகை மக்களும் இடம்பெறுதல் இன்றியமையாதது.

கற்பவை கற்றபின்

1. ‘நோய் வரும் வாய்ப்பு வேறு, வந்த நோயின் போக்கு வேறு’ – இக்கூற்றைப் பாடப்பகுதியிலிருந்து சான்றுகள் தந்து விளக்குக.

2. வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை ஐந்துமுறை சுண்டி, முடிவுகளைப் பட்டியலிடுக. சிறு குழுவில் நடத்தும் ஆய்வுகளை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பது குறித்து அப்பட்டியலைக் கொண்டு கலந்துரையாடுக.

3. மரபணு ஆய்வுகளில் எல்லா நாட்டு மக்களும் இடம்பெற வேண்டியதன் தேவையை வலியுறுத்தி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. பாடப்பகுதியில் இடம்பெற்றுள்ள அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை உம் சொந்த நடையில் எழுதுக.